ரேடியேட்டரில் ஆலம் தண்ணீர்

பருப்பு வேகாத வருஷம் என்றுதான் அந்த வருஷம் எனக்கு நினைவிருக்கிறது. அரியலூர்த் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாது. மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். அடிபம்பில் பிடித்த தண்ணீரைப் பானையில் வைத்திருந்தால், தண்ணீர் குறையக் குறைய உள்பக்கம் வெள்ளைக் கோடு கோடாகப் படியும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. அதனால் என் வீட்டுக்காரர் திருமானூர்ப் பக்கம் வாடகைக்குப் போகும்போதெல்லாம் ஒரு டின் கொள்ளிடத்துத் தண்ணீர் பிடித்து வந்து அடுப்படியில் வைப்பார். நல்ல தண்ணீர் எனக்கு, அடிபம்புத் தண்ணீர் வண்டிக்கு. பல வருஷமாக அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். வண்டி அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்ததும் பயந்துபோய் நல்ல தண்ணீரையும் அதற்கே ஊற்றினார். நானும் என் இரண்டு பெண் பிள்ளைகளும் பருப்பு தனியாகத் தண்ணீர் தனியாகக் கிடந்த சாம்பாரைச் சாப்பிட்டோம்.

வண்டி என்றால் பிளசர். வாடகைக்கு ஓடும் காருக்கு அப்போது எங்கள் பக்கம் அதுதான் பேர். கறுப்பு நிறம். எங்களிடம் வருவதற்கு முன்பே நாலைந்து கை மாறிய கிழட்டு வண்டி. டிரைவர் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது, கண்ணாடியை இறக்கி வெளியே கையை விட்டுத்தான் திறக்கவேண்டும். மழை பெய்தால் பின் சீட்டில் உட்காருபவர் மடியில் சொட்டும். அது ஓடியதே பெரிய விஷயம் என்று வெளியாட்கள் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் அதை ஓடவைக்க ஒரு மனிதர் எப்படித் தேய்ந்தார் என்பதை நான்தான் பார்த்தேன்.

அவருக்கு நேரம் காலம் கிடையாது. விடிவதற்குள் கல்யாணப் பார்ட்டி வந்து கூப்பிடும். மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு ஒரு சவாரி. சாப்பாட்டை மூடி வைத்து மூடி வைத்து எனக்கே சலித்துப்போகும். வந்தால் முதுகை நிமிர்த்த முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். என் தம்பி ஒருநாள் வந்து, பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சங்கு அதற்கு முன்பும் தினமும் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து அது ஊதும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

எனக்கு அந்த வண்டியை விற்றுவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம். ஆனால் விற்றுவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. என் மாமனாரும் மாமியாரும், என்னைப் பெற்றவர்களும், அடுத்தவர் வயலில் சேற்றில் நின்றே காலம் தள்ளியவர்கள். எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியது இவர்தான். தா.பழூர்ப் பக்கத்தில் எந்த வீட்டுக் கொல்லையில் என் மாமனார் கூலிக்காகக் கைகட்டி நின்றாரோ, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்க இவருடைய வண்டிதான் போனது. ‘வாடா’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய்கள் ‘வாங்க டிரைவர்’ என்றன. அப்படிப்பட்ட வண்டியை விற்கச் சொல்வது, அவரை மறுபடியும் அந்தக் கொல்லைக்கே போகச் சொல்வதுபோல எனக்குப் பட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டையும் மூடி வைத்தேன்.

எறையூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த வண்டியிலேயே போனோம். கரும்பு வெட்டு நடக்கும் காலம். சர்க்கரை ஆலைக்குப் போகும் லாரிகளும் மாட்டுவண்டிகளும் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. திரும்பி வரும்போது அந்த வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்ததில் வண்டி கொதித்துவிட்டது. முன்னால் குப்பென்று ஆவி. அவர் பதறவில்லை. இறங்கிப் போய் ஆறும்வரைக்கும் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, ஈரக் கோணிச்சாக்கை மடித்து ரேடியேட்டர் மூடிமேல் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். டின்னில் இருந்த தண்ணீர் முழுசும் உள்ளே போனது. அதை ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர் முகம்கூட அப்படி இருக்காது. எனக்கு எரிச்சலாக வந்தது.

பெரம்பலூர் வந்ததும் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினார். மெக்கானிக் பாய் ஒரு கரும்பு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். தண்ணீர் நிற்கவில்லை என்று இவர் சொன்னதும் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பேசினார்.

“எங்க ஒழுவுது?”

“அதான் பாய் தெரியல. காலையில பாத்தா கீழ ஒரு சொட்டு ஈரம் இல்ல. ஆனா ஊத்துற தண்ணி நிக்க மாட்டேங்குது.”

“வெளிய ஒழுவலைன்னா உள்ள போவுதுன்னு அர்த்தம்” என்று சொல்லிக்கொண்டே பாய் எழுந்து வந்தார். ஆயில் கம்பியை உருவிக் கட்டைவிரலில் துடைத்து வெயிலில் பார்த்தார். “ஆயில் நல்லாத்தான் இருக்கு. தண்ணி கலந்திருந்தா பால் காப்பி மாதிரி ஆயிருக்கும்.” பிறகு மூடியைத் திறந்தே வைத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ரேடியேட்டர் வாயை எட்டிப் பார்த்தபடி நின்றார். “குமிழி குமிழியா வந்துக்கிட்டே இருந்தா ஹெட்டு போச்சு. அதுவும் வரல.” லாரிக்காரர் அந்தப் பக்கம் அவசரப்படுத்தினார். பாய் கையைத் துடைத்தார். “தண்ணி கலங்கலாத்தான் இருக்கு. பழைய வண்டி. எஞ்சின் பிளாக்க உள்ளாற துரு தின்னிருக்கும்னு நெனைக்கிறேன். ஒண்ணு செய்ங்க. வூட்ல சலவை சோடா இருந்தா கரைச்சு ஊத்தி, நல்லா சூடாவுற வரைக்கும் ஓடவிட்டு, அடியில இருக்கற திருகத் தொறந்து தண்ணிய வெளிய விடுங்க. வெள்ளையா வந்தா சுண்ணாம்பு. பயமில்ல, எங்க ஒழுவுதுன்னு பொறுமையா தேடலாம். செவப்பா வந்துச்சுன்னா துரு. அப்பறம் அதுக்குன்னு செலவு செய்யாதீங்க. பழைய இரும்பு யாவாரிக்கு தள்ளிவிட்டுட்டு நிம்மதியா இருங்க. அல்லா பாத்துக்குவான்.”

பின் சீட்டில் சின்ன மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சிவப்பாக வரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கோயிலில் கும்பிடுவதுபோல மனசாரக் கும்பிட்டேன்.

மறுநாள் சோடா ஊற்ற முடியவில்லை. தா.பழூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் பெண்வீட்டாரையும் வரிசைத் தட்டுகளையும் ஏற்றிப்போக வேண்டியிருந்தது. போகிற வழியில் கொதித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதெல்லாம் பார்த்துக்கலாம் என்று போனவர், பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வந்தார். விரலெல்லாம் மஞ்சளாக இருந்தது. பந்தியில் சாப்பிட்டுச் சரியாகக் கை கழுவவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வழியில் தொந்தரவு செய்ததா என்று கேட்டதற்கு, இல்லை என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் படுத்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் காலையில் சோடாவைக் கரைத்துக் கொடுத்தேன். சட்டைத்துணிகளை வேகவைக்க நான் வாங்கி வைத்திருந்த சோடா. அவர் ஊற்றி வண்டியை ஓடவிட்டார். வாசலில் நின்றுகொண்டு அது உறுமிக்கொண்டிருந்தது. நான் பாத்திரம் துலக்குகிற சாக்கில் புளிச்சக்கையோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். என்ன நிறத்தில் வரப்போகிறது என்பதைப் பார்க்காமல் எனக்கு உள்ளே வேலை ஓடாது. கடைசியில் அவர் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, குனிந்து திருகைத் திறந்தார்.

சிவப்பாக வந்தது.

சாதாரணச் சிவப்பு இல்லை. வாசல் முழுக்கக் கோழியை அறுத்துவிட்டதுபோல ஓடியது. அவர் முதலில் கையால் அதை மறிக்கப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

“போச்சு புள்ள. பிளாக்கு போச்சு” என்றார். கொஞ்சம் கழித்து, “யாவாரியக் கூப்புட்டு எடுத்துக்கச் சொல்லிடலாம்” என்றார்.

எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷமாக இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளக்கூடாது என்று உள்ளே ஓடினேன். காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். இனி எந்த நேரத்துக்குச் சோறு வடிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், சங்கு ஊதினால் வடித்தால் போதும். தூங்கும்போது வாசலில் எவனாவது ஹார்ன் அடிப்பானோ என்று இனி பயப்படவேண்டாம். நான் வாய்க்குள் பாடிக்கொண்டே காப்பி ஆற்றினேன் என்று என் பெரிய மகள் பிற்பாடு கூடச் சொல்லிக் கேலி செய்திருக்கிறாள்.

காப்பியை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். டம்ளரை வாங்கவில்லை.

“நாந்தான் கொன்னுட்டேன்” என்றார். “நல்ல தண்ணிய வூட்டுக்குக் குடுத்துட்டு, அதுக்கு உப்புத்தண்ணியா ஊத்துனேன். துரு புடிக்காம என்ன செய்யும்?”

அதைக் கேட்டதும் எனக்குள் பாட்டு நின்றுவிட்டது. வீட்டுக்கு என்றால் எனக்கு. என் அடுப்புக்கு, என் பருப்புக்கு. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் குத்தியது. எதையாவது செய்யவேண்டும் என்று துடைப்பத்தை எடுத்து அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கூட்டித் தள்ளப்போனேன். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

துருத்தண்ணீர் எனக்குத் தெரியாததா? இரும்பு வாளியில் தினமும் பார்ப்பதுதான். அது செங்கல் தூள் கரைத்ததுபோல் இருக்கும், தேங்கினால் அடியில் பொடி நிற்கும். இதில் வெள்ளைத் துகள்தான் நின்றது, சுண்ணாம்பு. மேலே தண்ணீர் தெளிந்த சிவப்பு. அந்தச் சிவப்பை நான் எத்தனை தட்டில் கரைத்திருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, பிள்ளை பெற்று வீட்டுக்கு வருகிறவள், எல்லாருக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்து வாசலில் நிறுத்திச் சுற்றுகிற ஆலம். மஞ்சள் சுண்ணாம்போடு சேர்ந்தால் சிவக்கும், சலவை சோடாவோடு சேர்ந்தாலும் அப்படியே சிவக்கும். மஞ்சள் கறை பட்ட துணியை ஊறப்போட்டவளுக்கு அது தெரியும். விரலால் தொட்டு முகர்ந்தேன். சூட்டில் வெந்துபோயிருந்தாலும் மஞ்சள் வாடை போகவில்லை. முந்தாநாள் வரைக்கும் அந்த வண்டிக்குள் மஞ்சள் கிடையாது. அவருடைய விரல்கள் நினைவுக்கு வந்தன.

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் தீர்ந்தது. அவரும் பார்த்துவிட்டார், சிவப்பு என்று நம்பிவிட்டார். பாயும் அதையேதான் சொல்லியிருக்கிறார். வியாபாரி வந்து இழுத்துக்கொண்டு போவான். நான் வேண்டிக்கொண்டதும் இதுதானே. ஆனால் அந்த மனிதர் எனக்கு நல்ல தண்ணீர் கொடுத்த குற்றத்துக்காக வாழ்நாள் முழுக்க ஒரு வண்டியைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு இருப்பார். சாகிறவரைக்கும் அதை என்னிடம் சொல்லவும் மாட்டார். என்னால் அதைத் தாங்கமுடியாது என்று பட்டது.

“என்னங்க, ரேடியேட்டருக்குள்ள மஞ்சள் போட்டீங்களா?” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “தா.பழூர் போற வழியில கொதிச்சுப்போச்சு. மஞ்சத்தூள் போட்டா பொத்தல்ல போயி அடைச்சுக்கும். டிரைவருங்க எல்லாரும் போடுறதுதான். வரிசைத்தட்டுல இருந்துச்சு, பொண்ணு வூட்டம்மாகிட்ட கேட்டு ரெண்டு கை வாங்கிப் போட்டேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சாமிக்கு வைக்கிற மஞ்சள வண்டிக்குக் கொட்டுனேன்னு நீ கத்துவ.”

நான் கத்தவில்லை. பாத்திரம் துலக்க வைத்திருந்த புளியை எடுத்து, தேங்கி நின்ற சிவப்பில் பிழிந்தேன். பிழிந்த இடம் மட்டும் பொட்டுப்பொட்டாக மஞ்சளாக மாறியது. “துரு இல்லங்க இது. ஆலம். சோடாவும் மஞ்சளும் சேந்து செவந்திருக்கு. பிளாக்குக்கு ஒண்ணும் ஆவல. நீங்களும் யாரையும் கொல்லல.”

அவர் அந்த மஞ்சள் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலரும் என்று நினைத்தேன். மலரவில்லை. இருந்த கொஞ்ச நஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்ல.”

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த புளியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

“அப்ப உங்களுக்கும் விக்கணும்னுதான் இருந்துச்சா?”

“முதுகு நிமிரல புள்ள. வண்டி ஓட்டிட்டு இருக்கும்போதே கண்ண மூடிடுறேன். ரெண்டு தடவ ரோட்டவிட்டு எறங்கிட்டேன், ஒனக்குத் தெரியாது.”

“அப்பறம் யாருக்காகங்க ஓட்டுனீங்க?” இப்போது கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

“ஒனக்காகத்தான். ஒன் தம்பி கல்யாணத்துக்குத் திருமானூர் போனோமே, முன்சீட்டுல ஒக்காந்து வந்தியே. ஒங்க ஆளுங்க எல்லாம் வாசல்ல நின்னு பாத்தாங்க. அன்னைக்கி ஒன் மூஞ்சியப் பாத்தேன். இத எப்படிப் புடுங்குறது?”

அன்று என் முகத்தில் பெருமை இருந்தது உண்மைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு நாள் இருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் சாப்பாட்டுக் கவலை வந்து அது போய்விட்டது. அந்த ஒரு நாள் முகத்தை நம்பி இந்த மனிதர் இத்தனை வருஷம் முதுகை ஒடித்துக்கொண்டிருக்கிறார். நானோ அவருடைய கௌரவம் என்று நினைத்து வாயைத் தைத்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவரைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், வண்டியைக் காலால் எட்டி உதைத்தேன். காலில்தான் வலித்தது. அவர் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

ஏன் இரண்டு பேரும் இதைப் பேசாமலே இருந்தோம் என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். கூலிக்குப் போன வீடுகளில் முடியவில்லை என்பது சொல்லக்கூடாத வார்த்தை. சொன்னவரை மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். என் அம்மா காய்ச்சலோடு நடவுக்குப் போவாள், கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அவருடைய வீட்டிலும் அதே கதைதான். வயலைவிட்டு வெளியே வந்து கார் வாங்கிய பிறகும் அந்த ‘ஒன்றுமில்லை’ மட்டும் எங்களோடு கூடவே வந்துவிட்டது.

விற்றுவிடுவது என்று முடிவானது. ஒழுகுகிற வண்டியை ஒருவர் தலையில் கட்டக்கூடாது என்று அன்றைக்குச் சவாரி எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் இரும்பு பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு எஞ்சினைத் துடைத்தார். வருஷக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும். அது போனதும், வாட்டர் பம்புக்கு அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இறங்கியிருந்தது தெரிந்தது. எங்கள் தண்ணீர்ப் பானையில் படிகிற அதே கோடு. வண்டி ஓடும்போது மட்டும் அந்த இடத்தில் கசிந்திருக்கிறது, எஞ்சின் சூட்டில் உடனுக்குடன் காய்ந்திருக்கிறது, அதனால்தான் தரையில் ஒரு நாளும் ஈரம் இல்லை. தண்ணீர் போய்விட்டது, சுண்ணாம்பு மட்டும் வழியைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒழுகுவது இதுதான் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

பாயிடம் போய்ப் பம்பை மாற்றினார். ரேடியேட்டரில் மிச்சமிருந்த மஞ்சளும் சோடாவும் போகும்வரை கழுவி விட்டார்கள். அதன்பின் அது தண்ணீர் குடிக்கவில்லை, கொதிக்கவும் இல்லை. கொள்ளிடத்துத் தண்ணீர் மறுபடியும் அடுப்படிக்கு வந்தது, பருப்பு வெந்தது. வண்டி நன்றாக ஆகிவிட்டதே, இனி மனம் மாறிவிடுவாரோ என்று எனக்கு ஒரே திகில். சுரங்கத்தில் வேலை கேட்டுப் போன அன்றுதான் நம்பினேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனார்.

வண்டியை வாங்க ஜெயங்கொண்டத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரும் டிரைவர்தான், சூதுவாது தெரிந்த ஆள். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார், கண்ணாடிபோல் இருந்தது. தெருக்கோடிவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். அடியில் படுத்து எழுந்தார். எதிலும் குறை கிடைக்கவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

“நல்லா ஓடுற வண்டிய யாருங்க விப்பாங்க? உள்ளத சொல்லுங்க, நானும் தொழில்காரன்தான். என்ன கோளாறு?” என்றார்.

என் வீட்டுக்காரர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் நிலைப்படியில் நின்றிருந்தேன்.

“வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க” என்றார். “எனக்குத்தான் முடியல.”

வந்தவர் நம்பவில்லை. மறுபடியும் மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார்.